ஒரே டான்சில், இரண்டு நோய்கள்: வைரஸால் வரும் தொண்டைப் புற்றும் புகையிலையால் வரும் தொண்டைப் புற்றும்

தொண்டைப் புற்றுநோயுடன் மருத்துவரிடம் வருபவர்களில் இரு வகையினரைப் பாடநூல்கள் விவரிக்கின்றன. முதலாமவருக்கு வயது ஐம்பதை ஒட்டியிருக்கும். பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடும் புகையிலை எதையும் பெரிதாகத் தொட்டவரல்லர். காலையில் சவரம் செய்துகொண்டிருக்கும்போது, தாடைக்குக் கீழே கழுத்தின் ஒரு பக்கத்தில், கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி அவர் விரலுக்குத் தட்டுப்படுகிறது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, விழுங்குவதில் சிரமமும் இல்லை. நெறி கட்டியிருக்கிறது, தானாக அமுங்கிவிடும் என்று நாளைக் கடத்துகிறார். அந்தக் கட்டிக்குள் பல நேரங்களில் நீர் கோத்திருப்பதால், தொடக்கத்தில் அது சாதாரண நீர்க்கட்டி என்று கருதப்படுவதும் உண்டு. இரண்டாமவர் சில ஆண்டுகளாவது மூத்தவர். பல்லாண்டுகள் புகைத்தவர், பெரும்பாலும் குடிப்பழக்கமும் உடையவர். ஆறாத தொண்டைப் புண், எச்சில் விழுங்கினாலும் வலி, காதுக்குள் குத்தல், உடல் இளைப்பு ஆகியவற்றோடு வந்து சேர்கிறார். இருவரின் டான்சிலிலிருந்தும் சதைத் துணுக்கு எடுத்து பயாப்ஸி செய்தால், கூடுதல் சோதனை எதுவும் செய்யாதவரை, அறிக்கையில் வருவது ஒரே வரிதான்: டான்சிலில் செதிள் செல் புற்றுநோய்.

நெடுங்காலம் இவ்விரண்டும் ஒரே நோயாகவே எண்ணப்பட்டு, ஒரே சிகிச்சையைப் பெற்றன. வைரஸ் தொடர்புடைய புற்றுநோய்கள் மற்றவற்றிலிருந்து எங்கே வேறுபடுகின்றன என்பதைப் பார்ப்பதற்கு இதைவிடத் தெளிவான களம் கிடைப்பது அரிது என்பதாலேயே, பல உறுப்புகளையும் பல வைரஸ்களையும் தொட்டுச் செல்லாமல், தொண்டையின் இந்த ஒரு பகுதியை ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறேன். உறுப்பு ஒன்று, செல் வகை ஒன்று, தரப்பட்ட மருந்தும் கதிர்வீச்சும் ஒன்று. காரணம் மட்டுமே வேறு. அந்த ஒரு வேறுபாடு செல்லுக்குள் எதை மாற்றுகிறது, நோயாளியின் ஆயுளில் எப்படித் தெரிகிறது, மருத்துவர்களை எங்கே தடுமாறச் செய்தது என்பவையே இங்கே பார்க்கப்படுகின்றன.

எண்ணிக்கையில் தெரிந்த வேறுபாடு

மனிதப் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி, கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் என்பதை ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹவுசென் 1980-களில் நிறுவினார். அதற்காக 2008-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதே வைரஸ் தொண்டையிலும் புற்றை உண்டாக்குகிறது என்ற ஐயம் அப்போதே சிலருக்கு இருந்தாலும், அதை உறுதியான சான்றுகளோடு முன்வைத்தது 2000-ஆம் ஆண்டில் மௌரா கில்லிசனும் அவருடன் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வாகும். தலை, கழுத்துப் பகுதியில் புற்றுநோய் வந்த 253 பேரின் திசுக்களை அவர்கள் சோதித்தார்கள். 62 பேரிடம், அதாவது நால்வரில் ஒருவரிடம், எச்.பி.வி இருந்தது. அவற்றில் 90 விழுக்காடு எச்.பி.வி 16 என்ற ஒரே வகையைச் சேர்ந்தது. வைரஸ் எல்லா இடங்களிலும் பரவலாகக் கிடைக்கவில்லை. டான்சிலும் நாக்கின் அடிப்பகுதியும் அடங்கிய தொண்டையின் நடுப்பகுதியிலேயே அது குவிந்திருந்தது. வைரஸ் இருந்தவர்கள் புற்றுநோயால் இறக்கும் அபாயம் மற்றவர்களைவிட 59 விழுக்காடு குறைவாக இருந்தது என்பதே அந்த ஆய்வில் பலரையும் நிமிர்ந்து பார்க்க வைத்த செய்தி.

ஏன் அந்த இடம் மட்டும்? டான்சிலின் மேற்பரப்பு வழவழப்பானதன்று. உள்நோக்கிச் செல்லும் ஆழமான குழிகள் பல அதில் உண்டு; காற்றிலும் உணவிலும் வரும் கிருமிகளை நோய் எதிர்ப்புச் செல்கள் சோதித்துப் பார்ப்பதற்காகவே அமைந்த குழிகள் அவை. அதனால் அவற்றின் உள்தோல் அங்கங்கே மெலிந்தும் இடைவெளி விட்டும் இருக்கிறது. உடலின் மற்ற இடங்களில் சிறு காயம் பட்டால்தான் இந்த வைரஸ் தோலின் அடிச்செல்களைச் சென்றடைய முடியும். இங்கே அந்தக் கதவு இயல்பிலேயே திறந்திருக்கிறது.

2010-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு ஐயத்துக்கு இடமில்லாமல் செய்தது. கியான் ஆங் தலைமையில், ஒரு பெரிய சிகிச்சைச் சோதனையில் பங்கேற்ற தொண்டைப் புற்று நோயாளிகளில் 323 பேரின் திசுக்கள் சோதிக்கப்பட்டன. 206 பேரிடம் வைரஸ் இருந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து உயிருடன் இருந்தவர்கள், வைரஸ் உள்ளவர்களில் 82.4 விழுக்காடு, இல்லாதவர்களில் 57.1 விழுக்காடு. எந்தப் புதிய மருந்தும் இத்தனை பெரிய வேறுபாட்டை இந்த நோயில் உண்டாக்கியதில்லை. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. நாளொன்றுக்கு ஒரு பாக்கெட் வீதம் ஓராண்டு புகைப்பதை ஓர் அலகாகக் கொண்டால், ஒவ்வோர் அலகுக்கும் இறப்பு அபாயம் 1 விழுக்காடு ஏறியது. வைரஸ் உள்ளவர்களுக்கும் அப்படித்தான். வைரஸ் இருந்தும் பத்து அலகுக்கு மேல் புகைத்து, கழுத்தின் பல நிணநீர்க் கணுக்களுக்கு நோய் பரவியவர்கள், இறப்பு அபாயத்தில் இடைநிலைப் பிரிவுக்கு இறங்கினார்கள். அந்தப் பிரிவில் மூன்றாண்டு பிழைப்பு 70.8 விழுக்காடாகவே இருந்தது. வைரஸ் தரும் சாதகத்தைப் புகை கரைத்துவிடுகிறது.

அமெரிக்காவில் சேமித்து வைக்கப்பட்டிருந்த பழைய திசுக்களைச் சோதித்தபோது, தொண்டைப் புற்றில் வைரஸின் பங்கு 1984 முதல் 1989 வரையிலான காலத்தில் 16.3 விழுக்காடாக இருந்தது, 2000 முதல் 2004 வரையிலான காலத்தில் 71.7 விழுக்காடாக உயர்ந்திருந்தது. புகைப்பழக்கம் குறைந்து அதன் புற்று பாதியாகச் சரிந்துகொண்டிருந்தபோதே, வைரஸின் புற்று மூன்று மடங்குக்கும் மேலாக வளர்ந்திருக்கிறது. ஒரே பெயரில் ஒரே பேரேட்டில் எழுதப்பட்டதால், ஒன்று இறங்குவதும் மற்றொன்று ஏறுவதும் வெகுகாலம் யார் கண்ணிலும் படவில்லை.

கட்டிப்போட்ட காவலரும் வெட்டுண்ட காவலரும்

நம் செல்கள் ஒவ்வொன்றிலும் கட்டுமீறிய பெருக்கத்தைத் தடுக்கும் காவல் புரதங்கள் உண்டு. அவற்றில் இரண்டு தலையானவை. பி53 என்பது டி.என்.ஏவில் சேதம் நேர்ந்திருப்பதைக் கண்டால் செல்லை நிறுத்திப் பழுதுபார்க்கச் செய்யும். பழுது தீராதென்றால் அந்தச் செல்லையே மாய்த்துவிடும். ஆர்.பி என்பது அனுமதி இல்லாமல் செல் பிரிவதைத் தடுக்கும் பூட்டு. எந்தப் புற்றுநோயாக இருந்தாலும் இந்தக் காவலைத் தாண்டித்தான் வளர வேண்டும். தாண்டும் விதத்தில்தான் நம் இரு நோயாளிகளும் பிரிகிறார்கள்.

புகைத்தவரின் தொண்டையில், புகையிலையின் நச்சுப் பொருள்கள் ஆண்டுக்கணக்கில் டி.என்.ஏவைத் தாக்கி, பி53-ஐ உருவாக்கும் மரபணுவையே சிதைத்துவிடுகின்றன. ஆர்.பியின் பக்கம் நிற்கும் பி16 என்ற புரதத்தின் மரபணுவும் பெரும்பாலும் அழிந்துபோகிறது. இங்கே காவலர் வெட்டுண்டு கிடக்கிறார். இனி எழ மாட்டார்.

வைரஸ் வந்த தொண்டையில் நடப்பது வேறு. எச்.பி.வி மிகச் சிறிய வைரஸ். தன்னைப் படியெடுக்கத் தேவையான கருவிகள் அதனிடம் இல்லை. செல் பிரியும்போது பயன்படுத்தும் கருவிகளைத்தான் அது கடன் வாங்க வேண்டும். எனவே ஓய்வில் இருக்கவேண்டிய செல்லைப் பிரியச் சொல்லித் தூண்டுகிறது. இதற்காக அது இரண்டு புரதங்களைச் செய்கிறது. இ7 என்பது ஆர்.பியைப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்கிறது. இ6 என்பது பி53-ஐச் செல்லின் குப்பைக் கிடங்குக்கு அனுப்பிச் சிதைக்கிறது. மரபணு முழுமையாக இருக்கிறது, அதிலிருந்து பி53 தொடர்ந்து உருவாகவும் செய்கிறது; உருவான வேகத்திலேயே அப்புறப்படுத்தப்படுகிறது. காவலர் சாகவில்லை, கட்டிப்போடப்பட்டிருக்கிறார். புற்றுநோயை உண்டாக்குவதால் வைரஸுக்கு எந்த ஆதாயமும் இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்: வைரஸின் டி.என்.ஏ செல்லின் டி.என்.ஏவுக்குள் உடைந்து ஒட்டிக்கொள்ளும்போது இ6, இ7 ஆகியவை மட்டும் கட்டுப்பாடின்றித் தொடர்கின்றன, அந்த வைரஸோ அதன்பின் புது வைரஸாக வெளியேறவே முடியாது. அதற்கும் அது முட்டுச் சந்துதான்.

இந்த வேறுபாட்டை 1991-இல் வெளிவந்த ஓர் ஆய்வு அழகாகக் காட்டியது. ஆய்வகங்களில் வளர்க்கப்பட்டுவந்த ஏழு கருப்பைவாய்ப் புற்றுச் செல் வழிகளை எடுத்துக்கொண்டார்கள். எச்.பி.வி இருந்த ஐந்திலும் பி53, ஆர்.பி இரண்டும் பழுதில்லாமல் இருந்தன. எச்.பி.வி இல்லாத இரண்டில் இரண்டு மரபணுக்களும் சிதைந்திருந்தன. வைரஸ் செய்யும் வேலையை, வைரஸ் இல்லாத புற்று மரபணுச் சிதைவால் செய்துகொள்கிறது. 2015-இல் தலை, கழுத்துப் புற்றுகள் 279-இன் மரபணுக்களை முழுமையாகப் படித்த புற்று மரபணு வரைபடத் திட்டமும் தொண்டைப் பகுதிக்கு இதையே உறுதிசெய்தது: புகையிலை சார்ந்தவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் பி53 சிதைந்திருந்தது, வைரஸ் சார்ந்தவற்றில் அந்தச் சிதைவு ஏறத்தாழ இல்லை.

கட்டிப்போட்ட காவலரை அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பயன்பட்ட செல்கள் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணியுடையவை. 1951-இல் பால்டிமோரில் கருப்பைவாய்ப் புற்றுக்குச் சிகிச்சை பெற்று, 31 வயதில் அவர் இறந்தார். அவரது அனுமதி பெறாமலே எடுக்கப்பட்ட செல்கள் ஹீலா என்ற பெயரில் உலகெங்கும் ஆய்வகங்களில் இன்றும் பெருகிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் இருப்பது எச்.பி.வி 18. 2000-ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தின் குட்வினும் டிமையோவும், மாட்டைத் தாக்கும் பாப்பிலோமா வைரஸின் இ2 என்ற புரதத்தை இந்தச் செல்களுக்குள் செலுத்தினார்கள். இ2 செய்யும் வேலை, இ6, இ7 ஆகியவற்றின் உற்பத்தியை நிறுத்துவது. அரை நூற்றாண்டாக ஓயாமல் பிரிந்துகொண்டிருந்த செல்கள் சில நாள்களுக்குள் நின்றுபோயின. பி53 மீண்டும் சேர்ந்தது, ஆர்.பி தன் பூட்டைப் போட்டது, செல்கள் முதுமை அடைந்து தட்டையாகப் படர்ந்து கிடந்தன. அத்தனை ஆண்டுகளும் காவல் அமைப்பு முழுவதும் உள்ளே உயிரோடு இருந்திருக்கிறது. புற்றுநோய் ஆய்வில் இதற்கு இணையாக என்னை அசைத்த சோதனை வேறில்லை.

வைரஸ் புற்று சிகிச்சைக்கு எளிதில் பணிவதற்கும் இதுவே ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. நோயாளிகள் பேச்சுவழக்கில் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லும் கதிர்வீச்சு, டி.என்.ஏவை உடைத்துச் செல்லைத் தற்கொலைக்குத் தூண்டுகிறது. அந்தத் தூண்டுதலைக் கேட்டு நடக்க பி53 ஓரளவாவது வேண்டும். மேலும், இ6, இ7 இரண்டும் உடலுக்கு அந்நியமான புரதங்கள். நோய் எதிர்ப்புச் செல்கள் அவற்றை அடையாளம் கண்டு திரள்வதால், வைரஸ் கட்டிகளுக்குள் நிணச் செல்கள் மொய்த்திருப்பதை ஸ்லைடில் பார்க்கும்போதே காணலாம்.

ஆனால் எச்.பி.வி தொற்றியவுடன் புற்றுநோய் வந்துவிடுவதில்லை. பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளில் தொற்று தானாகவே மறைந்துவிடுகிறது. நீடிக்கும் சிலரிடமும் மேற்கொண்டு மரபணு மாற்றங்கள் சேர வேண்டும். அவற்றில் கணிசமானவை, வைரஸை எதிர்த்து நம் செல்லே ஏவும் அபோபெக் என்ற நொதிகள் தவறுதலாக நம் டி.என்.ஏவைத் தாக்குவதால் நேர்பவை. வைரஸ் புற்றின் மரபணுக்களில் புகையிலையின் தழும்பு இல்லை, வைரஸோடு நடந்த போரின் தழும்புகள் இருக்கின்றன.

பழுப்பு நிறச் சாயம்

நடைமுறையில் இந்த இரு நோய்களையும் பிரித்தறியப் பயன்படுவது, பி16 புரதத்தை நிறமேற்றிக் காட்டும் ஒரு சாயச் சோதனை. மெழுகில் பதித்த திசுவை மெல்லிய இழையாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, பி16-ஐத் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருளையும் சாயத்தையும் சேர்த்தால், அந்தப் புரதம் உள்ள செல்கள் காப்பித்தூள் நிறமாக மாறும். புகையிலைப் புற்றில் ஸ்லைடு பெரும்பாலும் வெளிறிய நீலமாகவே நிற்கும். வைரஸ் புற்றிலோ செல்லின் கருவும் அதைச் சூழ்ந்த பகுதியும் அடர் பழுப்பாக நிறைந்திருக்கும். குறைந்தது 70 விழுக்காடு செல்கள் அவ்வாறு அடர்த்தியாக நிறமேறினால்தான் சோதனை நேர்மறை என்று கொள்ளப்படும்.

முதன்முறை கேட்பவருக்கு இது முரணாகத் தோன்றும். பி16 என்பது பெருக்கத்தைத் தடுக்கும் புரதம். அது ஏராளமாக இருப்பது எப்படிப் புற்றுநோய்க்கு அடையாளமாகும்? பிரேக் ஒயர் அறுந்த வண்டியில் ஓட்டுநர் பிரேக்கைத் தரையோடு தரையாக மிதித்துக்கொண்டிருப்பதைப் போன்றது இது. இ7 ஆர்.பியை முடக்கிவிட்டதால், செல் அடங்காமல் ஓடுவதை உணர்ந்து மேலும் மேலும் பி16 உற்பத்தியாகிறது. ஆனால் பி16 செயல்படுவது ஆர்.பியின் வழியாகத்தான் என்பதால், அத்தனையும் வீண். சாயம் வைரஸை நேரடியாகக் காட்டுவதில்லை, வைரஸ் விட்டுச்சென்ற காலடித் தடத்தைக் காட்டுகிறது.

தடத்தை மட்டும் பார்த்து ஆளை முடிவுசெய்வதில் பிழை நேரும். ஒன்பது நாடுகளைச் சேர்ந்த 7,654 நோயாளிகளின் தரவுகளை மெஹானாவும் பிறரும் 2023-இல் தொகுத்து வெளியிட்டபோது, ஏறத்தாழ 9 விழுக்காட்டினரிடம் பி16 சோதனையும் வைரஸ் சோதனையும் ஒன்றுக்கொன்று மாறாக இருந்தன. இரண்டும் நேர்மறையாக இருந்தவர்களில் ஐந்தாண்டு பிழைப்பு 81.1 விழுக்காடு, இரண்டும் எதிர்மறையானவர்களில் 40.4 விழுக்காடு. பி16 மட்டும் நேர்மறையாகி வைரஸ் இல்லாதவர்களிலோ அது 54.7 விழுக்காடுதான். வைரஸ் புற்று அரிதாகவும் புகையிலைப் புற்று மிகுதியாகவும் உள்ள நாடுகளில் இப்படிப்பட்ட முரண் முடிவுகளுக்கான வாய்ப்பு கூடுதல் என்பதால், இந்தியாவில் பி16 சாயத்தை மட்டும் நம்பி ஒருவரிடம் 'உங்களுடையது நல்ல வகை' என்று சொல்லிவிடக் கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை. வைரஸின் டி.என்.ஏவையோ ஆர்.என்.ஏவையோ நேரடியாகத் தேடும் சோதனையும் சேர வேண்டும்.

நாலாம் ஸ்டேஜ் ஒன்றாம் ஸ்டேஜ் ஆன நாள்

இவை இரு வேறு நோய்கள் என்பதை மருத்துவ உலகம் எழுத்தில் ஏற்றுக்கொண்டது, புற்றுநோய்க்கான அமெரிக்கக் கூட்டுக் குழு வெளியிடும் புற்றுநோய் நிலை வகைப்பாட்டின் எட்டாம் பதிப்பில்தான். 2018 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் அது நடைமுறைக்கு வந்தது. டான்சிலில் சிறிய கட்டியும், கழுத்தின் அதே பக்கத்தில் ஆறு சென்டிமீட்டருக்கு மிகாத பல கணுக்களும் உள்ள ஒருவரை எண்ணிப் பாருங்கள். முந்தைய நாள்வரை அவருடையது நான்காம் நிலை. மறுநாள், பி16 நேர்மறை என்றால், அதே நோய் முதலாம் நிலை. உடலில் எதுவும் மாறவில்லை. 'நாலாம் ஸ்டேஜ்' என்ற சொல் ஒரு குடும்பத்தில் என்ன செய்யும் என்பதை அறிந்தவர்களுக்கு, அந்தச் சொல்லைக் கேட்டு மனம் உடைந்தவர்களில் எத்தனை பேர் உண்மையில் குணமாகக்கூடியவர்களாக இருந்திருப்பார்கள் என்ற எண்ணம் எழாமல் இராது.

நிலையைக் குறைத்ததைப் போல சிகிச்சையையும் குறைக்கலாமா என்பது அடுத்த கேள்வி. வழக்கமான சிகிச்சை கடுமையானது: ஏழு வாரங்களில் 35 தவணைகளாக 70 கிரே (கதிர்வீச்சின் அளவைக் குறிக்கும் அலகு) கதிர்வீச்சு, அதோடு சிஸ்பிளாட்டின் கீமோ. முடித்தவர்களில் பலருக்கு உமிழ்நீர் வற்றிப்போகிறது. சோற்றைத் தண்ணீரோ மோரோ ஊற்றாமல் விழுங்க முடிவதில்லை. சிலருக்குச் செவித்திறன் குறைகிறது. சிலர் மாதக்கணக்கில் குழாய் வழியாகவே உணவு எடுக்கிறார்கள். ஐம்பது வயதில் குணமாகி இன்னும் முப்பது ஆண்டு வாழப்போகிறவருக்கு இது சிறிய சுமையன்று.

எனவே சிஸ்பிளாட்டினுக்குப் பதிலாக, மென்மையானதென்று நம்பப்பட்ட செட்டுக்சிமாப் என்ற மருந்தைத் தந்து பார்த்தார்கள். இரண்டு பெரிய சோதனைகள், ஒன்று அமெரிக்கா சார்ந்தது, மற்றொன்று பிரிட்டன் சார்ந்தது. இரண்டின் முடிவுகளும் 2018-இன் இறுதியில் வெளிவந்தன. இரண்டும் ஏமாற்றத்தையே தந்தன. அமெரிக்கச் சோதனையில் ஐந்தாண்டு பிழைப்பு சிஸ்பிளாட்டின் பெற்றவர்களில் 84.6 விழுக்காடு, செட்டுக்சிமாப் பெற்றவர்களில் 77.9 விழுக்காடு. பிரிட்டன் சோதனையில் ஈராண்டு பிழைப்பு 97.5-க்கு எதிராக 89.4. பக்கவிளைவுகளும் மொத்தத்தில் குறையவில்லை. கருதுகோள் அறிவுக்குப் பொருத்தமாகவே இருந்தது, நோக்கமும் நல்லது. ஆனாலும் பிழைத்திருக்கக்கூடிய சிலர் இறந்தார்கள். நன்றாகக் குணமாகும் நோய் என்பதற்கும் எதைக் கொடுத்தாலும் குணமாகும் நோய் என்பதற்கும் இடையே உள்ள தூரத்தை இந்த இரண்டு சோதனைகளும் அளந்து காட்டின. ஆய்வுச் சோதனைக்கு வெளியே, பி16 நேர்மறை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவருக்குக் கீமோவையோ கதிர்வீச்சையோ குறைப்பது தவறு என்பதே இதிலிருந்து நான் கொள்ளும் முடிவு.

வைரஸ் புற்றில் மட்டும் கிடைக்கும் ஒரு வசதியும் உண்டு. கட்டியிலிருந்து உதிரும் வைரஸ் டி.என்.ஏ துணுக்குகளை இரத்தத்தில் தேடலாம். சிகிச்சை முடிந்த 115 பேரை இவ்வாறு தொடர்ந்து கவனித்த 2020-ஆம் ஆண்டு ஆய்வில், எல்லாச் சோதனைகளிலும் வைரஸ் டி.என்.ஏ தென்படாதவர்களில் ஒருவருக்கும் நோய் திரும்பவில்லை. அடுத்தடுத்து இருமுறை தென்பட்டவர்களில் ஏறத்தாழ அனைவருக்கும் திரும்பியது. புகையிலைப் புற்றுக்கு எல்லோரிடமும் பொதுவாகத் தேடக்கூடிய அப்படியொரு முத்திரை இல்லை. ஒவ்வொருவரின் சிதைவும் ஒவ்வொரு விதம்.

எல்லா வைரஸ்களும் ஒன்றல்ல

தொண்டையில் கிடைத்த பாடத்தை எல்லா வைரஸ் புற்றுகளுக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள் கல்லீரலில் புற்றை உண்டாக்குவது பெரும்பாலும் பல்லாண்டு அழற்சியாலும் அதனால் ஏற்படும் கல்லீரல் சுருக்கத்தாலும்தான். அங்கே வைரஸால் வந்ததும் குடியால் வந்ததும் நடத்தையில் தொண்டையில் போலத் தெளிவாகப் பிரிவதில்லை. மாறாக, மெர்க்கெல் செல் புற்று என்ற அரிய தோல் புற்று நம் கதையையே மீண்டும் சொல்கிறது. 2008-இல் யுவான் சாங்கும் பேட்ரிக் மூரும் பிட்ஸ்பர்க்கில் அதற்குள் ஒரு புதிய வைரஸைக் கண்டார்கள். வைரஸ் உள்ள கட்டிகளில் மரபணு மாற்றங்கள் மிகக் குறைவு. இல்லாதவற்றில் வெயிலின் புற ஊதாக் கதிர் உண்டாக்கிய மாற்றங்கள் ஏராளம், பி53-உம் ஆர்.பியும் சிதைந்திருக்கின்றன. ஆனால் நோய் எதிர்ப்பைத் தூண்டும் புதிய மருந்துகளுக்கு இரு வகையும் இணங்குகின்றன. ஒன்றில் வைரஸ் புரதமும் மற்றொன்றில் மிகுதியான மரபணு மாற்றங்களால் விளைந்த புரதங்களும், எதிர்ப்புச் செல்களுக்கு அந்நியமாகத் தெரிவதால் இது நிகழ்கிறது.

நம் ஊரில்

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி, வாய்ப் புற்றுநோய் புதிதாக வந்தவர்கள் ஏறத்தாழ 1,43,000 பேர், கருப்பைவாய்ப் புற்று வந்தவர்கள் ஏறத்தாழ 1,27,000 பேர். முன்னது பெரும்பாலும் மெல்லும் புகையிலையாலும் பாக்காலும் வருவது. பின்னது ஏறக்குறைய முழுவதும் எச்.பி.வியால் வருவது. அமெரிக்காவில் ஒரே டான்சிலுக்குள் எதிரெதிராக நிற்கும் இரு காரணங்களும் இங்கே ஒரே வீட்டுக்குள், ஒருவர் வாயிலும் இன்னொருவர் கருப்பைவாயிலும் நிற்கின்றன என்று சொல்லலாம்.

வைரஸ் புற்றின் மிகப் பெரிய வேறுபாடு தடுப்பில்தான் இருக்கிறது, அதற்கான சான்றில் தமிழ்நாட்டின் பங்கு பெரிது. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையைத் தளமாகக் கொண்டு, சங்கரநாராயணன் தலைமையில் நடந்து 2007-இல் வெளிவந்த ஆய்வில், 30 முதல் 59 வயதுவரையுள்ள பெண்களின் கருப்பைவாயில் வினிகரின் அமிலத்தைத் தடவி, வெண்மையாக மாறும் இடத்தைக் கண்ணால் பார்த்துக் கண்டறியும் எளிய பரிசோதனை ஒரே ஒரு முறை செய்யப்பட்டது. கருப்பைவாய்ப் புற்று 25 விழுக்காடும், அதனால் நேரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன. வைரஸ் புற்று வருவதற்கு முன் பல ஆண்டுகள் நீடிக்கும் முன்னிலை மாற்றம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருந்ததால்தான் இது முடிந்தது.

தொண்டையில் அந்த வழி இல்லை. டான்சில் குழிகளின் ஆழத்தில் தொடங்கும் மாற்றத்தைத் துடைத்தெடுத்துப் பார்க்கும் சோதனை எதுவும் நடைமுறையில் இல்லை. ஐரோப்பியர்களின் சேமித்த இரத்தத்தில் தேடியபோது, பின்னாளில் தொண்டைப் புற்று வந்தவர்களில் 34.8 விழுக்காட்டினரிடம், சிலரிடம் பத்தாண்டுகளுக்கும் முன்பே, எச்.பி.வி 16-இன் இ6 புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தது. நோய் வராதவர்களில் அது 0.6 விழுக்காட்டினரிடம் மட்டுமே. நோய் வருவதை இரத்தம் முன்கூட்டிச் சொல்கிறது, ஆனால் எந்தக் குழியில் தேடுவது என்று சொல்வதில்லை. ஆகவே தொண்டைக்குத் தடுப்பூசிதான் வழி. பெண் பிள்ளைகளுக்கு மட்டுமன்றி ஆண் பிள்ளைகளுக்கும் அது தேவை என்பதற்கும் இதுவே காரணம். சுவீடனில் 17 வயதுக்கு முன் தடுப்பூசி போட்டுக்கொண்ட பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்று 88 விழுக்காடு குறைந்திருப்பதை 2020-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. செலவைப் பற்றிய தயக்கத்துக்கு இந்தியாவே விடை தந்தது. 2009-இல் தொடங்கிய ஒரு தடுப்பூசி ஆய்வு 2010-இல் அரசு உத்தரவால் நடுவில் நிறுத்தப்பட்டதால், ஏறத்தாழ 5,000 சிறுமியர் ஒரே தவணையோடு நின்றுவிட்டார்கள். பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, எச்.பி.வி 16, 18 வகைகளின் நீடித்த தொற்றிலிருந்து அந்த ஒரு தவணையே 95.4 விழுக்காடு பாதுகாப்பு தந்திருந்தது. அந்த ஆய்வின் மையங்களில் அம்பிளிக்கையும் ஒன்று. ஒரு தவணை போதும் என்ற வழிமுறையை உலகச் சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரில் ஏற்றுக்கொண்டதற்கு இத்தகைய சான்றுகளே அடிப்படை.

வைரஸ் புற்றுக்கும் மற்றதற்கும் உள்ள இன்னொரு வேறுபாடு, நோயாளியின் அறையில் மட்டுமே தெரிவது. புகைத்தவர் தன்னை நொந்துகொள்கிறார். பெரும்பாலும் பாலுறவு வழியாகப் பரவும் வைரஸ் என்று கேட்டவரோ மனைவியின் முகத்தைப் பார்க்கத் தயங்குகிறார். 'இது யாரிடமிருந்து வந்தது, எப்போது வந்தது' என்ற கேள்வி இருவருக்கும் நடுவில் சொல்லப்படாமலே நிற்கிறது. அதற்கு மருத்துவர், கேட்பதற்குக் காத்திராமல், தாமாகவே தெளிவாக விடை சொல்ல வேண்டும். இந்த வைரஸ் வாழ்வில் ஒருமுறையாவது பெரும்பாலோரைத் தொற்றிவிடுகிறது. இன்று வந்த புற்று, பத்து, இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் வந்த தொற்றிலிருந்து வளர்ந்திருக்கலாம். அது எப்போது, யாரிடமிருந்து வந்ததென்று கண்டுபிடிக்க எந்தச் சோதனையாலும் இயலாது. அது யாருடைய ஒழுக்கத்துக்கும் சான்றாகாது. நெடுநாள் சேர்ந்து வாழும் துணைவருக்கு அந்த வைரஸ் ஏற்கெனவே வந்து பெரும்பாலும் மறைந்தும் போயிருக்கும். ஒரே தட்டில் சாப்பிடுவதையோ முத்தமிடுவதையோ, பிள்ளைகளை அணைத்துக்கொள்வதையோ நிறுத்த வேண்டியதில்லை. மனைவி செய்துகொள்ள வேண்டியது, எல்லாப் பெண்களும் உரிய வயதில் செய்துகொள்ள வேண்டிய அதே கருப்பைவாய்ப் பரிசோதனைதான்.